சீலிங் மூடும் முன் வருவாரா? மெக்கானிக்கல் இன்ஸ்பெக்ஷன் சேவைகள்: ஒரு மதிப்பீடு

கட்டுமான சைட்டில் பைப், டக்ட் (காற்றுக் குழாய்), பம்ப், ஸ்பிரிங்க்ளர் (தீயணைப்புத் தெளிப்பான்) வேலைகளைச் சரிபார்த்துத் தரும் மூன்றாம் தரப்பு இன்ஸ்பெக்ஷன் சேவை மூன்று விதமாக விற்கப்படுகிறது. வேலை முடிந்தபின் ஓரிரு நாள் வந்து குறைப்பட்டியல் எழுதித் தருவது ஒன்று. வேலையின் குறிப்பிட்ட கட்டங்களில் அழைத்தால் வந்து பார்ப்பது இரண்டாவது. ஒருவரை முழுநேரமும் சைட்டிலேயே உட்கார வைப்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே மாதிரி ரிப்போர்ட், ஒரே மாதிரி முத்திரை. வாங்குபவருக்குக் கிடைப்பதோ மூன்றிலும் வேறு வேறு.

முதல் வகையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடலாம். சீலிங் மூடி, பைப்புக்கு இன்சுலேஷன் சுற்றி, பைப்புகள் மாடிதோறும் ஏறும் ஷாஃப்ட்டின் சுவரும் எழுப்பியபின் வருபவர் கண்ணில் என்ன படும்? கிரில் கோணலாக இருப்பது, வால்வில் டேக் இல்லாதது, பெயின்ட் உரிந்தது. அவையும் குறைகள்தாம், ஆனால் ஏணி போட்டு அரை மணியில் முடிக்கிற குறைகள். சில வருஷம் கழித்துக் கட்டிடத்தை நனைக்கப்போகிற குறை, பாதி மட்டும் விரிந்த ஆங்கராகவோ (கான்கிரீட்டில் பைப்பைத் தாங்கும் பிடிப்பாணி) ரூட் (அடிப்பகுதி) பிடிக்காத வெல்டாகவோ, அவர் தலைக்கு மேல் ஜிப்சம் பலகைக்குப் பின்னால் இருக்கிறது. இந்த வகையில் உருப்படியான பயன் ஒன்றே ஒன்று: கான்ட்ராக்டரின் கடைசி பில்லை நிறுத்திவைக்க ஒரு காகிதம் கிடைக்கும்.

இரண்டாவது வகைதான் காசுக்குத் தகுந்தது, அதுவும் ஒரு நிபந்தனையோடு. வேலை தொடங்கும் முன் ஐடிபி எனப்படும் ஆய்வுத் திட்டத்தைத் தயாரிக்கிறார்கள். எந்தக் கட்டத்தில் யார் பார்ப்பது என்று அதில் ஓர் எழுத்து போட்டிருக்கும். எச் என்றால் ஹோல்ட்: ஆய்வாளர் வந்து கையெழுத்துப் போடாமல் அடுத்த வேலை நகரக்கூடாது. டபிள்யூ என்றால் விட்னஸ்: முன்கூட்டித் தகவல் கொடுத்தால் போதும், அவர் வராவிட்டாலும் வேலை நடக்கும். சேவை நிறுவனங்கள் பல, தங்கள் ஆள் வராத நாளில் பழி வராமலிருக்க, முக்கால்வாசிக் கட்டங்களுக்கு டபிள்யூ போட்டுவிடுகின்றன. கான்ட்ராக்டருக்கும் அதில் வருத்தம் கிடையாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்தப் பத்தியில் எச் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பொருள் சைட்டுக்குள் வரும்போது, முதல் வெல்டின்போது, அழுத்த டெஸ்டின்போது, இன்சுலேஷனுக்கு முன், ஃபயர் டாம்பரை (தீ பரவாமல் டக்டை அடைக்கும் கதவு) சுற்றிச் சுவர் மூடும் முன், பம்ப் அடித்தளத்துக்கு கிரவுட் (இடைவெளி நிரப்பும் கலவை) ஊற்றும் முன், ஃபிளஷிங் (நீரோட்டத்தால் பைப்பைக் கழுவுதல்) முடிவில், சீலிங் மூடும் முன். இந்த எட்டில் ஏதேனும் ஒன்றில் எச் விடுபட்டாலும் அந்தத் திட்டத்துக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

அழுத்த டெஸ்டில் ஆள் தெரிந்துவிடும்

ஆய்வாளர் எப்படிப்பட்டவர் என்று அறிய, அவர் ஹைட்ரோ டெஸ்டுக்கு, அதாவது பைப்பில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனைக்கு, வந்து நிற்கிற முதல் பத்து நிமிஷம் போதும். அழுத்தம் காட்டும் கேஜின் முள்ளைப் பார்த்ததும் பேனாவை எடுப்பவர் உண்டு. வேலை தெரிந்தவர் கேஜைக் கடைசியில்தான் பார்ப்பார்.

முதலில் வரைபடத்தை விரித்து, டெஸ்டில் அடங்கும் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு போடுவார். எல்லையில் வெறும் வால்வை மூடி வைத்திருந்தால் ஏற்கமாட்டார். துளையில்லாத மூடித்தகடான பிளைண்ட் ஃபிளாஞ்ச் கேட்பார். மூடிய வால்வு உள்ளுக்குள் விட்டால் அழுத்தம் இறங்கும். எங்கே கசிகிறது என்று தேடியே நாள் போகும். அதைவிட மோசமான நிலைமையும் உண்டு. நடுவில் ஒரு வால்வு மூடியே கிடக்க, பம்புக்கு இந்தப் பக்கம் மட்டும் அழுத்தம் ஏறி, அந்தப் பக்கம் வெறும் காற்றாக இருக்கும். காகிதத்தில் முழு ரைசரும் (மாடிகளுக்கு ஏறும் நிமிர்ந்த பைப்) பாஸ். தூரக்கோடியில் உள்ள, காற்று வெளியேற்றும் வென்ட்டைச் சற்றுத் திறந்து தண்ணீர் பீறிடுகிறதா என்று பார்த்தால் விஷயம் வெளிவந்துவிடும். அந்தக் கோடியிலும் ஒரு கேஜ் கேட்பது இன்னும் நல்லது.

அடுத்தது கேஜின் அளவு. டெஸ்ட் அழுத்தத்தைப்போல் 1.5 முதல் 4 மடங்குக்குள் கேஜின் முழு அளவு இருக்க வேண்டும். இரண்டு மடங்கு என்பது வசதியானது. 15 பார் டெஸ்டுக்கு 0–25 அல்லது 0–40 பார் கேஜ் சரி. 0–100 பார் கேஜைப் பொருத்தினால் அரை பார் இறங்குவது கண்ணுக்கே தெரியாது. சைட்டில் கிடைக்கிற கேஜ் பெரும்பாலும் அந்த ரகமாகவே இருப்பது தற்செயலா என்று யோசிக்கத் தோன்றும்.

உயரக் கணக்கையும் விடக்கூடாது. 30 மீட்டர் உயர ரைசரில் அடிக்கும் உச்சிக்கும் சுமார் 3 பார் வித்தியாசம். உச்சியில் 15 பார் காட்டினால் அடியில் 18. அங்கே ஒரு பிஎன் 16 (16 பார் தரத்து) பட்டர்ஃபிளை வால்வு மூடிய நிலையில் இருந்தால் வில்லங்கம்: மூடிய வால்வின் சீட்டுக்கான சோதனை அளவு 1.1 மடங்கு, அதாவது 17.6 பார்தான். டெஸ்டே வால்வைக் கெடுத்துவிடக்கூடும். எந்த மட்டத்தில் எவ்வளவு அழுத்தம் என்று டெஸ்ட் நடைமுறைத் தாளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு அழுத்தம், எத்தனை நேரம்? கட்டிட சேவைப் பைப்புகளுக்கான அமெரிக்கத் தரம் ஏஎஸ்எம்இ பி31.9, வடிவமைப்பு அழுத்தத்தின் 1.5 மடங்கு, குறைந்தது 10 நிமிஷம் என்கிறது. ஸ்பிரிங்க்ளருக்கு அமெரிக்கத் தீத்தடுப்புத் தரமான என்எஃப்பிஏ 13 கேட்பது 200 பிஎஸ்ஐ, அதாவது 13.8 பார், 2 மணி நேரம். வேலை அழுத்தம் 150 பிஎஸ்ஐக்கு மேல் போனால் அதோடு 50 பிஎஸ்ஐ சேர்த்து. கன்சல்டன்ட்டின் விவரக்குறிப்பு 24 மணி நேரம் என்று கேட்பதும் சகஜம். கேட்பதற்குக் கடுமையாகத் தெரியும். ஆனால் இரவு முழுவதும் கேஜைத் தனியே விட்டுவிட்டுக் காலையில் வந்து பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காற்று இல்லாமல் நிரம்பிய இரும்புப் பைப்பில் தண்ணீரின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தாலே அழுத்தம் சில பார் இறங்கும், ஏறினால் அதேபோல் ஏறும். கசிவே இல்லாத பைப் காலையில் ஃபெயில் ஆகும். கசிகிற பைப் மதிய வெயிலில் பாஸ் ஆகும். எனவே தொடக்கத்திலும் முடிவிலும் பைப்பின் வெப்பநிலை ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும்.

பைப்புக்குள் சிக்கிய காற்று இதற்கு நேர்மாறான வேலை செய்கிறது. காற்றுப் பை பஞ்சு மெத்தைபோல் இருந்து, சின்னக் கசிவால் விழ வேண்டிய முள்ளைத் தாங்கிப் பிடிக்கும். பம்பை அடிக்கும்போது முள் சட்டென்று ஏறாமல் சோம்பலாக ஏறினால் உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள். ஏதாவது மூட்டு பிய்த்துக்கொண்டால் அந்தக் காற்றில் அடைபட்ட சக்தி ஆளையே தூக்கி எறியும், ஆபத்தான விஷயம்.

ஆகவே கசிவைக் கண்டுபிடிப்பது கேஜ் இல்லை, டார்ச்சும் கண்ணும். ஒவ்வொரு மூட்டையும் நடந்து பார்த்தாக வேண்டும், அதற்கு மூட்டுகள் பெயின்ட், இன்சுலேஷன் இல்லாமல் திறந்திருக்க வேண்டும். எச்டிபிஇ பைப்புக்குக் கணக்கு தனி. அழுத்தத்தில் அந்தப் பிளாஸ்டிக் மெல்ல விரிந்துகொண்டே போகும், முள் இறங்கிக்கொண்டே இருக்கும், அது கசிவு இல்லை. இரும்புப் பைப்பின் விதியை வைத்து அதை ஃபெயில் போடுகிற ஆய்வாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

தொங்குவதைத் தாங்குவது

குறைப்பட்டியல்களில் மிகக் குறைவாக இடம்பெறுவதும், பின்னாளில் மிகப் பெரிய சேதம் தருவதும் சப்போர்ட்தான். 4 அங்குல ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமன் வகை) இரும்புப் பைப், தண்ணீரோடு சேர்த்து மீட்டருக்குச் சுமார் 24 கிலோ. 6 அங்குலம் 47 கிலோ. 8 அங்குலம் 75 கிலோ. 3 மீட்டருக்கு ஒரு ஹேங்கர் என்றால் 6 அங்குலப் பைப்பில் ஒவ்வொரு ராடும் (தொங்கவிடும் கம்பி) 140 கிலோவை வருஷக்கணக்கில் தூக்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுமை முழுவதும் கடைசியில் கான்கிரீட்டுக்குள் ஒரு விரல் அளவு இறங்கிய ஆங்கரில் போய் நிற்கிறது.

பைப் சப்போர்ட்டுக்கான எம்எஸ்எஸ் எஸ்பி-58 தரத்தின் அட்டவணைப்படி, தண்ணீர் நிறைந்த இரும்புப் பைப்புக்கு அதிகபட்ச இடைவெளி 1 அங்குலத்துக்கு 2.1 மீட்டர், 2 அங்குலத்துக்கு 3 மீட்டர், 4 அங்குலத்துக்கு 4.3 மீட்டர். இது நேர்ப் பைப்புக்கு மட்டும். வால்வு, ஸ்ட்ரெய்னர், ஃபிளாஞ்ச், வளைவு வந்தால் அருகில் தனி ஹேங்கர் வேண்டும். ஆய்வாளர் டேப் பிடித்து அளக்கிறாரா, அல்லது கீழிருந்து அண்ணாந்து பார்த்து ‘ஓகே’ என்கிறாரா?

டிராப்-இன் ஆங்கரில் நடக்கிற கோளாறு எல்லா சைட்டுக்கும் பொது. துளையிட்டு, தூசியை ஊதாமல், ஆங்கரைத் தட்டிவிட்டு, உள்ளிருக்கும் ஆப்பை அடித்து விரிக்க வேண்டிய செட்டிங் டூலைத் தேடச் சோம்பல்பட்டு, அப்படியே ராடைத் திருகிவிடுகிறார்கள். வெறும் பைப்பை அது தாங்கும். தண்ணீர் நிரப்பினால் சந்தேகம். பம்ப் ஓடி அதிர்வு வந்தபின் நழுவும். சரியாக அடித்தால் ஆங்கரின் விளிம்பில் டூலின் தடம் விழும்படி சில தயாரிப்புகள் வருகின்றன. ராட் போடும் முன்தான் அதைப் பார்க்க முடியும். ராட் போட்டபின் ஒரே வழி, இழுவை டெஸ்ட். எத்தனை ஆங்கருக்கு ஒன்று என்று சேவை நிறுவனத்தின் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும், எதை இழுப்பது என்று தேர்ந்தெடுப்பது ஆய்வாளராக இருக்க வேண்டும். கான்ட்ராக்டர் காட்டிய ஆங்கரை இழுத்துப் பார்ப்பது வேடிக்கை.

கூடவே பார்க்க வேண்டியவை: ராடின் முனையில் லாக் நட், பைப்பைத் தாங்கும் ஹேங்கரிலேயே கேபிள் டிரேயும் தொங்குவது, குளிர்நீர்ப் பைப்புக்கு இன்சுலேஷனுக்கு உள்ளே கிளாம்ப் போட்டிருப்பது. கடைசியாகச் சொன்னது பற்றிக் கீழே.

வெல்டும் போல்ட்டும்

பைப் சைட்டுக்கு வரும்போதே பாதி வேலை. மில் சான்றிதழ் (உற்பத்தியாளர் தரும் சோதனைச் சான்று) ஈஎன் 10204 தரத்தின் வகை 3.1 ஆக இருக்க வேண்டும். அதிலுள்ள ஹீட் நம்பரும் (எந்த உருக்குத் தொகுதி என்ற எண்) பைப் மேல் அச்சிட்ட நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். துண்டு போட்டபின் மீதிப் பைப்புக்கு நம்பரை எழுதிவைக்காவிட்டால் அது அநாதைப் பைப். அல்ட்ராசோனிக் கேஜ் இருந்தால் சுவர்த் தடிமனைச் சில நொடிகளில் பார்க்கலாம்: 4 அங்குல ஷெட்யூல் 40 என்றால் 6.02 மி.மீ., தயாரிப்புச் சலுகை 12.5 சதவீதம் போக 5.27 மி.மீ.க்குக் கீழே இறங்கக்கூடாது.

வெல்டரின் தகுதிச் சான்றிதழைப் பார்ப்பவர்கள் தேதியை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வெல்டர் தகுதிக்கான ஏஎஸ்எம்இ பிரிவு 9-ன்படி, ஒரு வெல்டர் அந்த முறையில் 6 மாதம் வெல்ட் செய்யாமலிருந்தால் தகுதி போய்விடும். எனவே சான்றிதழோடு தொடர்ச்சிப் பதிவும் வேண்டும். மூட்டைப் பொறுத்தவரை, முடிந்த வெல்டைவிட வெல்டுக்கு முந்தைய ஃபிட்-அப்பைப் பார்ப்பதில் பயன் அதிகம். இரண்டு பைப்பின் உள்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா, இடைவெளி விட்டிருக்கிறதா? இடைவெளி இல்லாமல் முட்டவைத்து மேலே அழகாக அடுக்கிய வெல்ட் பார்வைக்குத் தங்கச் சங்கிலி மாதிரி இருக்கும், உள்ளே ரூட் பிடித்திருக்காது.

ஃபிளாஞ்ச் போல்ட்டை எதிரெதிராக, முதலில் 30 சதவீதம், பிறகு 60 அல்லது 70, பிறகு 100 சதவீத டார்க்கில் (முறுக்கு விசை) இறுக்கி, கடைசியில் வட்டமாக ஒரு சுற்று வர வேண்டும். வரிசையாக ஒரு பக்கத்திலிருந்து இறுக்கினால் கேஸ்கெட் (கசிவடைப்பு வளையம்) ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் தொளதொளக்கும். பட்டர்ஃபிளை வால்வில் இரண்டு தவறுகள் அடிக்கடி வரும். சீட்டே ரப்பராக இருக்கும் வால்வுக்கு இரண்டு பக்கமும் தனி கேஸ்கெட் வைப்பது ஒன்று. அது தேவையில்லை, கெடுதல். டிஸ்க் முழுக்க மூடிய நிலையிலேயே போல்ட்டை இறுக்குவது மற்றொன்று; ரப்பர் நசுங்கி டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும். பைப்புக்குள் நுழைக்கும்போது ஏறக்குறைய மூடியும், கடைசி இறுக்கத்துக்கு முன் முழுக்கத் திறந்தும் இருக்க வேண்டும். திறக்கும்போது டிஸ்க் பைப்பின் உள்சுவரில் இடிக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஃபிளஷிங்குக்கு ஓர் எளிய கணக்கு. குப்பை அடித்துச் செல்ல நொடிக்கு 1.5 மீட்டர் வேகம் வேண்டுமென்றால், 4 அங்குலப் பைப்பில் நொடிக்குச் சுமார் 12 லிட்டர் ஓட வேண்டும். டெஸ்ட் பம்பையோ தோட்டக் குழாயையோ வைத்து இது நடக்காது. ஃபிளஷ் செய்தோம் என்று காகிதம் வந்தால் எந்தப் பம்ப், என்ன ஓட்டம், ஏஹெச்யூ (காற்றைக் குளிர்வித்து அனுப்பும் யூனிட்) காயில்களைத் தாண்டிப் போக பைபாஸ் இருந்ததா என்று கேட்டால் போதும்.

டக்ட்: அளந்தால் எண், அளக்காவிட்டால் அபிப்பிராயம்

டக்ட் கசிவை லைட் அடித்துப் பார்ப்பது, புகை விட்டுப் பார்ப்பது எல்லாம் பெரிய ஓட்டைகளுக்குச் சரி. அளவு வேண்டுமென்றால் விசிறியும் ஓட்டமானியும் உள்ள கசிவுக் கருவியோடு வர வேண்டும். ஐரோப்பிய வகைப்பாட்டில் ஏ வகுப்புக்கு அனுமதி, ஒரு சதுர மீட்டர் டக்ட் பரப்புக்கு 0.027 பெருக்கல் பாஸ்கலில் உள்ள அழுத்தத்தின் 0.65 அடுக்கு, நொடிக்கு லிட்டரில். பி வகுப்புக்கு 0.009, சி-க்கு 0.003, ஒவ்வொரு படியும் மூன்றில் ஒரு பங்கு. 400 பாஸ்கலில் பி வகுப்பு என்றால் சதுர மீட்டருக்கு 0.44 லிட்டர். 50 சதுர மீட்டர் பகுதிக்கு நொடிக்கு 22 லிட்டருக்குமேல் போனால் ஃபெயில். இந்தப் பெருக்கலை சைட்டிலேயே போட்டுக் காட்டும் ஆய்வாளருக்கு முழு மதிப்பெண். டெஸ்டுக்கு எந்தப் பகுதி என்பதையும் அவரே தேர்வு செய்ய வேண்டும். நேர் டக்ட் மட்டும் டெஸ்டுக்கு வந்தால் வளைவும் கிளையும் எங்கே என்று கேட்க வேண்டும், கசிவு அங்கேதான்.

ஃபிளெக்ஸிபிள் டக்ட் முழுக்க இழுத்து நீட்டியிருக்க வேண்டும். மீதியை வெட்டாமல் பாம்பாகச் சுருட்டி சீலிங்குக்குள் விட்டுவிடுவது மிகச் சாதாரணம். கடைசி அறைக்குக் காற்று வராததற்கு அதுவே காரணமாக இருக்கும். 1.5 மீட்டருக்கு ஒரு தாங்கல், இடையில் மீட்டருக்கு 4 செ.மீ.க்குமேல் தொய்வு கூடாது.

ஃபயர் டாம்பர் பற்றி இரண்டு வார்த்தை. டாம்பரின் பிளேடு சுவரின் கனத்துக்குள் நிற்க வேண்டும், சுவருக்கு வெளியே டக்டில் தொங்கினால் தீயின்போது டக்ட் சரிந்துவிழ, அதோடு டாம்பரும் போய்விடும். ஸ்லீவுக்கும் சுவருக்கும் இடையே விரிவுக்கான இடைவெளியைத் தயாரிப்பாளர் சொன்னபடி விட்டிருக்க வேண்டும். நல்லெண்ணத்தில் அதை சிமென்ட் வைத்து அடைத்துவிடுகிற மேஸ்திரிகள் உண்டு. சூட்டில் உருகி டாம்பரை மூடவிடும் ஃபியூசிபிள் லிங்கைக் கழற்றி டாம்பர் முழுக்க மூடுகிறதா என்று ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும், பத்துக்கு ஒன்று இல்லை. அதற்குக் கை நுழையும் கதவு வேண்டும். கதவு இருந்து, அதற்கு எதிரே கேபிள் டிரே போயிருந்தால் கதவு இல்லாததற்குச் சமம்.

பம்ப், காப்பர், வடிகால்

பம்ப், மோட்டார் தண்டுகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும் அலைன்மென்ட்டை லேசர் கருவி வைத்துப் பார்த்த அச்சுத்தாளைப் பெருமையாக இணைக்கிறார்கள். அது பைப் இணைக்கும் முன்னா, பின்னா? பைப்பை இழுத்து வளைத்து ஃபிளாஞ்சில் பொருத்தியிருந்தால், போல்ட் இறுக்கும்போது பம்பே நகரும். பம்பின் சுழல்தண்டான ஷாஃப்ட்டில் டயல் கேஜ் வைத்துக்கொண்டு ஃபிளாஞ்சை இறுக்கினால் நகர்வு 0.05 மி.மீ.க்குள் நிற்க வேண்டும் என்பது இயந்திர நிறுவலுக்கான ஏபிஐ 686 தரத்தின் அளவுகோல். மோட்டார்க் கால்களில் ஒன்று மட்டும் தரையில் படியாமல் நிற்கும் சாஃப்ட் ஃபுட்டுக்கும் 0.05 மி.மீ.யே பழக்கத்தில் உள்ள எல்லை. கிரவுட்டைச் சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும், பொள்ளல் சத்தம் வந்தால் அடியில் காலி. அதிர்வைத் தடுக்கும் ஸ்பிரிங் ஐசொலேட்டரில் போக்குவரத்துக்குப் போட்ட பூட்டு போல்ட்டைக் கழற்றாமல் விட்டிருப்பார்கள். அதைப் பார்க்காத ஆய்வாளர் ஸ்பிரிங்கைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது.

ரெஃப்ரிஜிரண்ட் காப்பர் பைப்பில் பிரேசிங் (பற்றவைப்பு) செய்யும்போது உள்ளே நைட்ரஜன் மெல்ல ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் உட்புறம் கறுப்புப் பொருக்குப் படியும், பின்னால் அது வால்வையும் கம்ப்ரஸரையும் பதம் பார்க்கும். முடிந்தபின் இதைக் கண்டுபிடிக்க ஒரு மூட்டை அறுத்துப் பார்ப்பதே வழி. முதல் நாளே ஒரு மாதிரி மூட்டை அறுக்கச் சொல்கிறவர் விஷயம் தெரிந்தவர். ஆர்410ஏ ரெஃப்ரிஜிரண்ட் ஓடும் அமைப்புக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கேட்கும் நைட்ரஜன் டெஸ்ட் 41.5 பார். அந்த அழுத்தத்தில் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.14 பார் மாறும். இங்கேயும் வெப்பநிலையைக் குறிக்காத பதிவுக்கு மதிப்பில்லை. வாக்குவம் 500 மைக்ரானுக்குக் (மிகக் குறைந்த அழுத்தத்தின் அலகு) கீழே இறங்கி, பம்பை நிறுத்தியபின் ஏறாமல் நிற்க வேண்டும். மெனிஃபோல்டில் உள்ள சாதாரண கேஜ் இதைக் காட்டாது, மைக்ரான் கேஜ் வேண்டும்.

ஏஹெச்யூ வடிகாலில் டிராப் (நீர் தேங்கிக் காற்றை அடைக்கும் வளைவு) ஆழத்தை அளப்பவர்கள் குறைவு. விசிறிக்கு முன்னால் காயில் இருக்கும் யூனிட்டில் உள்ளே அழுத்தம் குறைவாக இருக்கும். டிராப் ஆழமில்லாவிட்டால் வெளிக்காற்று வடிகால் வழியே உள்ளே இழுக்கப்பட்டு, தண்ணீர் தட்டிலேயே தேங்கிச் சீலிங்கில் வழியும். உள்ளே 500 பாஸ்கல் குறைவு என்றால் அது 50 மி.மீ. தண்ணீர் மட்டம். தட்டின் வாயிலிருந்து டிராப்பின் வெளியேறும் மட்டம் வரை அதோடு 25 மி.மீ. கூட்டி 75 மி.மீ., அதற்குக் கீழே அதில் பாதி. இது கைக்கு அடக்கமான கணக்கு. வடிகால் சாய்வு 100-க்கு 1. தட்டில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, விசிறியை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். விசிறி நிற்கும்போது ஊற்றினால் எல்லா டிராப்பும் நன்றாகத்தான் வடியும்.

குளிர்நீர் இன்சுலேஷனுக்கு வருவோம். 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 25 டிகிரியில் வியர்க்கத் தொடங்கும். பைப்புக்குள் ஓடுவது 7 டிகிரி. எனவே எங்காவது உலோகம் வெளியே தொட்டால் அங்கே சொட்டும். ஹேங்கர் கிளாம்பை நேரடியாகப் பைப்பில் போட்டு அதன்மேல் இன்சுலேஷனைச் சுற்றினால், ராட் வழியே குளிர் ஏறி ராடே சொட்டும். அங்கே கெட்டியான தாங்கு கட்டையோ பியூஎஃப் (கெட்டி நுரை) துண்டோ வைத்து, ஈரத்தடுப்பு உறை அதன்மேலும் அறுபடாமல் போக வேண்டும். வால்வு, ஸ்ட்ரெய்னர் உடல், கேஜ் காக் ஆகிய இடங்களில் உறை முடியும் விளிம்பை ஒட்டியிருக்கிறார்களா என்று விரலால் நெருடிப் பார்ப்பதே ஆய்வு.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை

ஆய்வு நிறுவனங்களுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ/ஐஇசி 17020. அதில் ஏ, பி, சி என்று சுதந்திர வகைகள் உண்டு. வடிவமைப்பு, சப்ளை, நிறுவல் எதிலும் சம்பந்தப்படாத வெளியார்தான் ஏ. கான்ட்ராக்டரின் சகோதர நிறுவனம் சி வகைச் சான்றிதழைக் காட்டி மூன்றாம் தரப்பு என்று சொன்னால், சான்றிதழ் உண்மையாகவே இருக்கலாம், அந்த வார்த்தை உண்மையில்லை. சான்றிதழின் இணைப்பில் எந்தெந்த வேலைக்கு அங்கீகாரம் என்று இருக்கும், அதையும் வாசிக்க வேண்டும். கொதிகலனுக்கு வாங்கிய அங்கீகாரம் டக்டுக்கு ஆகாது.

கேஜ், டார்க் ரெஞ்ச், ஓட்டமானி, தடிமன் கேஜ் ஒவ்வொன்றுக்கும் காலிபிரேஷன் சான்றிதழ் வேண்டும், அதிலுள்ள வரிசை எண் கருவி மேல் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ரிப்போர்ட்டில் ‘திருப்திகரம்’ என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது, எண் எத்தனை இடத்தில் வருகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ‘சப்போர்ட் இடைவெளி திருப்திகரம்’ என்பது எழுதியவருக்கு மட்டும் திருப்தி. ‘கிரிட் சி-4 முதல் சி-7 வரை 4 அங்குலம், அளந்தது 3.1, 3.0, 4.6, மூன்றாவது மாற்ற வேண்டும்’ என்பது ஆய்வு. போட்டோவில் கிரிட் எண்ணும் மாடி எண்ணும் தெரிய வேண்டும், டேப் படத்துக்குள் இருக்க வேண்டும். எந்த மாடியிலும் எடுத்திருக்கக்கூடிய வால்வுப் படங்கள் ரிப்போர்ட்டின் எடையை மட்டும் கூட்டும்.

மூன்றாவது வகையான முழுநேர ஆய்வாளர், அறுவைசிகிச்சை அரங்கம், ஆய்வகம் மாதிரி நெருக்கமான வேலைகளுக்குப் பொருந்துவார். மற்ற இடங்களில் ஒரு விசித்திரம் நடக்கும். சில வாரங்களில் கான்ட்ராக்டரின் ஃபோர்மேன் தன் வேலையைத் தானே பார்ப்பதை நிறுத்திவிடுவார். ‘அவர்தான் இருக்காரே, பார்த்துச் சொல்லட்டும்’. உங்கள் காசில் கான்ட்ராக்டருக்கு ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆள் கிடைத்த கதை. இதைத் தடுக்க, கான்ட்ராக்டரின் சொந்தச் சரிபார்ப்புத் தாள் கையெழுத்தோடு வராமல் ஆய்வுக்கு அழைப்பு ஏற்கப்படாது என்று எழுதிவைக்க வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டாம் முறை வரவேண்டி வந்தால் அந்தச் செலவு கான்ட்ராக்டர் தலையில் என்றும் சேர்க்க வேண்டும். இந்த இரண்டு வரியும் இருக்கும் ஒப்பந்தங்களில் முதல் அழைப்பிலேயே தேறும் வேலை கூடுவதைப் பார்க்கலாம்.

அழைப்புப் படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள்: ‘இந்தப் பகுதி மூடப்படும் தேதி’. அது ஆய்வுத் தேதிக்கு மறுநாளாக இருந்தால், குறை கண்டாலும் சரிசெய்ய நேரமில்லை என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டது. அழைப்பைத் திருப்பி அனுப்பலாம். குறைந்தது மூன்று வேலைநாள் இடைவெளி வேண்டும்.